கிராணி வீட்டின் பின்படி

வேன் பத்து பெரண்டாம் விமான நிலையச் சாலையைத் தாண்டுவதற்குள் அதை ஓட்டிக்கொண்டிருந்த காளிதாஸ் மூன்று ஜோக் சொல்லி முடித்திருந்தார். மூன்றுக்கும் சிரித்தவர் முனுசாமி வாத்தியார் ஒருவர்தான். முப்பத்து நாலு வருஷம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகிய மனுஷர். அந்தச் சிரிப்பை வைத்துச் சந்தோஷப்பட முடியாது. வாத்தியாரின் மனைவி கமலாட்சி அம்மாள் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் கண்காணிப்புக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பின்சீட்டில் காளிதாஸின் மனைவி, வாத்தியாரின் மகன், ஓரத்தில் காளிதாஸின் மகள் உஷாராணி. கண்ணாடியில் காளிதாஸின் கண் படும்போதெல்லாம் அவள் கண் அங்கே காத்திருந்தது. சிரிப்பதற்காக இல்லை. மணி பார்ப்பதற்காக.

"நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நீங்க சொல்லிடணும்" என்று நேற்றுச் சாயங்காலம் அவள் கெடு வைத்திருந்தாள். "இல்லன்னா நான் சொல்லிடுவேன். நான் சொன்னா, நீங்க சொல்லாத குத்தமும் சேர்ந்துக்கும்ப்பா."

விஷயம் சின்னதுதான். ஒரே ஒரு சொல். உஷாவும் வாத்தியார் மகன் விமலனும் பத்து பெரண்டாமில் ஒரே தொழிற்சாலையில் வேலை. ஒரே ஷிப்டு, ஒரே பஸ், இரண்டு வருஷம். விமலன் வீட்டில் சொல்ல, மூன்று வாரத்துக்கு முன்னால் வாத்தியார் போன் போட்டார். ஊர், குலதெய்வம், பூர்வீகம் எல்லாம் விசாரித்துவிட்டு, "என் வீட்டுக்காரி கிராணி மக, ரெம்பியா பக்கத்துத் தோட்டம். உங்கப்பா தோட்டத்துல என்னவா இருந்தாரு?" என்று கேட்டார்.

போனில் முகம் தெரியாது. அந்தத் தைரியத்தில் காளிதாஸின் வாய் "கிராணி" என்று சொல்லிவிட்டது. சொன்னது வாய்தான், தான் இல்லை என்பது இன்றைக்கும் அவருடைய கட்சி.

அவர் அப்பா ராமையா லூபோக் சீனா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர். அம்மா கருப்பாயியும் பக்கத்து மர நிரையில் வெட்டியவர். பொய் சொல்வது என்று துணிந்த பிறகு டாக்டர் என்று சொல்லியிருக்கலாம், வக்கீல் என்று சொல்லியிருக்கலாம். காளிதாஸின் கற்பனை அவ்வளவு தூரம் ஓடவில்லை. கூலிகளின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் அண்ணாந்து பார்த்தால் தெரிந்த உச்சி, தோட்ட ஆபீஸில் பேனா பிடித்துக் கணக்கெழுதிய கிராணிதான். தோட்டத்தை நடத்திய துரை மேகத்துக்கும் மேலே. அவரைப் பொய்யில்கூட எட்ட முடியாது.

கிராணியோ கூலியோ, இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று காளிதாஸ் மனைவி பவானேஸ்வரியிடம் சொல்லிப் பார்த்தார். அப்போதுதான் உஷா மற்றதைச் சொன்னாள். விமலனின் அண்ணனுக்குப் பெண் பார்த்துப் பரிசம் போட்டார்களாம். பெண்ணுக்கு இரண்டு வயது குறைத்துச் சொன்னது பிறகு தெரிந்ததாம். கமலாட்சி அம்மாள் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். வயதுக்காக இல்லையாம். "ரெண்டு வருஷத்தை மறைக்கத் தெரிஞ்சவங்க இன்னும் என்னென்ன மறைப்பாங்க" என்று ஒரே வார்த்தை. அந்த அண்ணன் முப்பத்து நாலு வயதில் இன்னும் தனியாகத்தான் இருக்கிறார்.

அன்றிலிருந்து காளிதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. எடை குறைந்தது என்று அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலை ஸ்டோரில் நண்பர்கள் பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து பெண் பார்த்தால் தாமான் குடியிருப்பு முழுக்க ஜன்னலில் நிற்கும்; வெளியில் ஓரிடத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு நாள் சுற்றலாம் என்பது வாத்தியாரின் யோசனை. காளிதாஸ் ஆயர் குரோ மிருகக்காட்சிசாலை என்றார். "குரங்கு முன்னாலயா சம்பந்தம் பேசுறது?" என்று வாத்தியார் மறுத்துவிட்டு, அலோர் காஜாவுக்கு அப்பால் இருக்கும் பழைய விவசாயக் கிராமத்தைச் சொன்னார். நெல்வயல், எருமை, நூறு வருஷத்து வீடுகள் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவைத்து டிக்கெட் போட்டிருந்தார்கள். பழைய காலத்துப் பொருள்கள் என்றால் வாத்தியாருக்கு உயிர். காளிதாஸுக்குப் பழைய காலம் என்றாலே ஆகாது.

"லூபோக் சீனா பக்கம்னீங்களே, எந்தத் தோட்டம்?" கமலாட்சி அம்மாள் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அது... ரப்பரை அழிச்சு செம்பனை போட்டுட்டாங்கக்கா. பேரையும் மாத்திட்டாங்க."

"பழைய பேரு?"

முன்னால் ஒரு பலகை லாரி போய்க்கொண்டிருந்தது. காளிதாஸ் அதை முந்துவதற்கு ஒன்றரை நிமிஷம் எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் எந்த லாரியையும் அவ்வளவு பயபக்தியோடு அவர் முந்தியதில்லை.

"எங்கப்பாவுக்கு அந்தப் பக்கத்துக் கிராணிங்க எல்லாரோடயும் பழக்கம்" என்றார் கமலாட்சி, லாரி பின்னால் போனதும். "மாசம் ஒரு தடவை எங்க வீட்டுல கூடுவாங்க. நான்தான் தேத்தண்ணி கொண்டு வந்து வைப்பேன். ராமையான்னு ஒருத்தரு எனக்கு ஞாபகமே வரலையே."

"அப்பா அந்த மாதிரிக் கூட்டத்துக்கெல்லாம் போகமாட்டாரு. ரொம்பக் கூச்சம்."

"கிராணிக்குக் கூச்சமா?"

"அதான் எங்களுக்கும் ஆச்சரியம் லா" என்றார் காளிதாஸ். வாத்தியார் சிரித்தார். பின்சீட்டில் உஷா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. பாஜு குரோங் மலாய் உடை போட்ட வழிகாட்டிப் பெண் ஒருத்தி, நெல் குத்தும் மர உரலைக் காட்டினாள், வளைந்த படிகளில் பூப்போட்ட ஓடு பதித்த மலாய்க்கார வீட்டைக் காட்டினாள், எருமையைக் காட்டினாள். அந்த எருமைக்கும் காளிதாஸைப் பார்த்தால் ஏதோ தெரியும் போலிருந்தது.

வயல்வரப்பில் வாத்தியாரோடு தனியாக நடக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. சொல்லிவிடலாம் என்று காளிதாஸ் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

"இந்த எருமை இருக்கே..." என்று தொடங்கி நாலாவது ஜோக்கைச் சொல்லிவிட்டார். வாத்தியார் வரப்பில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காளிதாஸுக்குத் தன் வாயைப் பிடுங்கி வயலில் நட்டுவிடலாம் போல இருந்தது.

பவானேஸ்வரி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லிட்டீங்களா?"

"பாதி சொல்லிட்டேன்."

"எந்தப் பாதி?"

"'சார்'ங்கிற வரைக்கும்."

அவள் அவர் காலைப் பார்த்தாள். "செருப்பு வார்ல குத்தின ஊசி தெரியுது. ஷூ போடுங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? சம்பந்தம் பேச வந்த மூஞ்சிக்கு அறுந்த செருப்பு."

"ஷூ கடிக்குது."

"இன்னைக்கு அது ஒண்ணுதான் கடிக்குமாக்கும்."

மணி பதினொன்றே முக்காலுக்கு வழிகாட்டிப் பெண் எல்லாரையும் கூட்டி, கடைசியாக ஒன்றைச் சொன்னாள். இந்த வட்டாரத்து விவசாயத்தில் ரப்பர் தோட்டமும் சேர்ந்ததுதானாம். அதனால் அழித்த தோட்டம் ஒன்றிலிருந்து ஆறு கதவு லயம் ஒன்றையும், அதன் கிராணி வீட்டையும் பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து, மூலையில் பழையபடி நிறுத்தியிருக்கிறார்களாம்.

"அட!" என்றார் வாத்தியார். "உங்க ரெண்டு பேருக்கும் சொந்த வீட்டுக்குப் போற மாதிரி."

காளிதாஸ் அவசரமாக, "முதல்ல சாப்பிட்டுடலாமா?" என்றார். சொன்ன பிறகுதான் சாப்பாட்டோடு கெடு முடிகிறது என்பது நினைவு வந்தது. "வேணாம், வேணாம். பசியே இல்ல." அவர் வயிறு சாப்பாட்டுக்குப் பயந்தது அதுவே முதல் தடவை.

லயத்தைத் தாண்டி மேட்டில் நின்றது கிராணி வீடு. பச்சைச் சாயம், மரக்கால், முன்பக்கம் ஐந்து படி, இரண்டு பூந்தொட்டி. கமலாட்சி அம்மாள் நடையை வேகப்படுத்தினார். "அப்படியே எங்க வீடுதான்" என்று முதல் தடவையாக அவர் குரல் இளகியது. வாத்தியார், விமலன், உஷா, பவானேஸ்வரி எல்லாரும் முன்படியில் காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார்கள்.

காளிதாஸ் மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டே நடந்தார். சார், அன்னைக்குப் போன்ல... இல்லை. சார், மன்னிக்கணும்... அதுவும் சரியில்லை. வாக்கியம் முடியவில்லை. கால்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

கிராணி வீட்டுப் பின்படிக்கு நேரே நிற்கக் கூடாது. நேரே நின்றால் உள்ளேயிருந்து வீசுகிற கழுநீர் மேலே விழும். இடப்பக்கம் சாக்கடை ஓரத்தில் நாலு செங்கல் போட்டிருக்கும். அதன்மேல் நிற்க வேண்டும். செருப்பைக் கழற்றி, கட்டைவிரலால் ஒதுக்கி, ஜோடியாக ஓரமாய் வைக்க வேண்டும். கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இருமக் கூடாது, கூப்பிடக் கூடாது. உள்ளே யாராவது தற்செயலாகப் பார்க்கும்வரை நிற்க வேண்டும்.

பன்னிரண்டு வயதில் அம்மாவோடு மூன்று சாயங்காலம் அவர் அப்படி நின்றிருக்கிறார். டவுன் இங்கிலீஷ் பள்ளியில் சேர ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. தோட்டத்தில் அதை நிரப்பத் தெரிந்தவர் ரங்கசாமி கிராணி ஒருவர்தான். முதல் இரண்டு நாளும் "ஐயா இல்லை" என்று பதில் வந்தது. உள்ளே ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பாரம் நிறைந்தது. அந்தப் பாரத்தால்தான் காளிதாஸ் இன்றைக்கு ஸ்டோர் சூப்பர்வைசர்.

பின்கதவு கிறீச்சென்று திறந்தது.

அடுப்படியைப் பார்க்க வந்த கமலாட்சி அம்மாள் மேல்படியில் நின்றார். கீழே காளிதாஸ் நின்றார். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. கால் செங்கல்மேல் இருந்தது. கை கட்டியிருந்தது. செருப்பு ஜோடியாக ஓரத்தில், ஊசி பளபளக்க, உட்கார்ந்திருந்தது. ஷூ போட்டிருந்தால் கழற்ற நேரமாகியிருக்கும், அதற்குள் புத்தி வந்திருக்கும்.

கமலாட்சி செருப்பைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். கட்டிய கையைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நேரம் எடுத்துக்கொண்டார்.

"முன்னாடி வழி இருக்கே" என்றார்.

"ஆமாங்க. சும்மா, பின்பக்கம் எப்படி இருக்குன்னு..."

"எப்படி இருக்கு?"

ஒரு ஜோக் தொண்டைவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"அப்படியேதான் இருக்குங்க."

உள்ளே வாத்தியார் எதையோ பார்த்து வியக்கும் சத்தம் கேட்டது. கமலாட்சி கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு ஒரு படி இறங்கினார்.

"கிராணி வீட்டுப் பிள்ளைங்க இந்தப் பக்கம் வந்து நிக்கமாட்டாங்க, காளிதாஸ். எங்க வீட்டுலயும் இதே மாதிரி செங்கல் கிடந்துச்சு. பதினாறு வருஷம் அந்த வீட்டுல இருந்தேன், ஒரு நாள்கூட நான் அதுல கால் வச்சதில்ல. அதுல நிக்கிறவங்க..."

"லயத்துக்காரங்க."

"ராமையா கிராணி இல்ல."

"இல்லங்க. பால்மரம் வெட்டினாரு. அம்மாவும்."

கமலாட்சியின் முகத்தில் எதுவும் அசையவில்லை. அந்தப் பரிசத் தட்டும் இப்படித்தான் திரும்பியிருக்கும் என்று காளிதாஸுக்குத் தோன்றியது. கத்தல் இல்லை, அழுகை இல்லை, தட்டு மட்டும்.

"உங்க மகளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் அவளாவது தப்பிப்பாள். வாய் அதற்குத் தயாராகவே இருந்தது. இந்த மாதிரி வேலைக்கு அது எப்போதும் தயார். காளிதாஸ் அதை அடக்கினார்.

"தெரியும். சொல்லச் சொல்லிக் கெடு வச்சிருக்கா. மத்தியானச் சாப்பாடு வரைக்கும். பொய் என்னுதுங்க. கெடு அவளுது. அவளைத் தப்பா நினைச்சுடாதீங்க."

கமலாட்சி கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டரை. சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"அப்ப இன்னும் நேரம் இருக்கு." அவர் கதவுப் பிடியில் கை வைத்தார். "இங்க நின்னு நீங்க சொன்னது எதையும் நான் காதுல வாங்கல. சுத்திக்கிட்டு முன்வாசல் வழியா வாங்க. எல்லாரும் இருக்காங்க. வந்து சொல்லுங்க."

"சொன்னா?"

"முதல்ல சொல்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது.

வீட்டைச் சுற்றி முன்னால் வர முப்பது தப்படி இருக்கும். சரளைக்கல் உள்ளங்காலில் குத்திய பிறகுதான் செருப்பை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போனால் இன்னொரு தடவை வரத் தைரியம் இருக்காது. வெறுங்காலோடு ஐந்து படியையும் ஏறினார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கிராணி வீட்டு முன்படி. காட்சிக்கு வைத்த வீடுதான் என்றாலும் வாசலில் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

கூடத்தில் கிராணியின் மேசைக்குப் பின்னால், கயிறு கட்டியிருந்ததையும் தாண்டி, வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விமலன் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க, வாங்க! எங்க போனீங்க?" வாத்தியார் துள்ளி எழுந்தார். "இது உங்க சீட்டு லா. உக்காருங்க, கிராணி மகனுக்கு ஒரு படம் எடுத்துடலாம்."

உள்கதவில் கமலாட்சி சாய்ந்து நின்றார். உஷா அப்பாவின் காலைப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்ததும் கைக்குட்டையை முறுக்க ஆரம்பித்தாள்.

"சார், நான் கிராணி மகன் இல்ல."

வாத்தியார் கடகடவென்று சிரித்தார். காலையிலிருந்து நாலு ஜோக் கேட்டவர், இதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டார். "உக்காருங்கங்கிறேன்."

"சார், நிஜமாத்தான் சொல்றேன். எங்கப்பா கிராணி இல்ல."

"அப்ப துரையா?" மறுபடியும் சிரிப்பு. ஊரெல்லாம் ஜோக் சொல்லித் திரிந்தவனுக்கு உண்மை சொல்லும் நாள் வந்தால் இதுதான் கதி.

"எங்கப்பா பால்மரம் வெட்டினாரு" என்றார் காளிதாஸ். குரல் உடைந்தது, அதனால்தான் அது வாத்தியாரின் காதில் ஏறியது. "அம்மாவும் வெட்டினாங்க. நாங்க லயத்துல, அஞ்சாவது கதவு. நீங்க போன்ல கேட்டப்ப வெக்கமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன். வெக்கப்பட்டது அதைவிடப் பெரிய தப்புன்னு இப்பத் தெரியுது. உஷா மேல எந்தத் தப்பும் இல்ல. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. ஆனா அவளால வேணாம்னு சொல்லாதீங்க."

வழிகாட்டிப் பெண் வாசலில் எட்டிப் பார்த்து, அடுத்த கூட்டம் காத்திருக்கிறது, முடிந்ததா என்று கேட்டாள். முடிந்ததா இல்லையா என்பதுதான் அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. பவானேஸ்வரி ஐந்து விரலைக் காட்டி, "லீமா மினிட்" என்றாள்.

வாத்தியார் மெதுவாகக் கயிற்றைத் தாண்டி வெளியே வந்தார். "நான் ஏன் அதைக் கேட்டேன்?" என்றார் தனக்குத்தானே. பிறகு மனைவியைப் பார்த்தார். எல்லாரும் அவர் மனைவியைத்தான் பார்த்தார்கள்.

"அம்மா" என்றான் விமலன். "எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். உஷா பழகின புதுசுலயே சொல்லிட்டா. நீங்க கிராணி குடும்பம்னு சந்தோஷப்பட்டீங்க. நான் வாயத் திறக்கல."

"உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்றார் கமலாட்சி. அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

கமலாட்சி திரும்பி, அடுப்படி வழியாகத் தெரிந்த பின்கதவைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்க வீட்டுல பின்கதவுக்கு நான்தான் காவல். எட்டு வயசு. யாரு வந்து நின்னாலும் 'அப்பா இல்ல'ன்னு சொல்லணும். அப்பா உள்ள பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பாரு. தாளைத் திருப்புற சத்தம் வெளியில கேக்கும். அவங்களுக்குக் கேக்குதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் கண்ணைப் பார்த்து 'இல்ல'ன்னு சொல்வேன். 'சரி தாயி'ன்னு போயிடுவாங்க. மறுநாள் மறுபடியும் வந்து நிப்பாங்க." அவர் குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. "ஒருத்தரும் என்னைப் பொய்க்காரின்னு சொன்னதில்ல."

காளிதாஸ் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"எங்க கிராணி வீட்டுல பேப்பர் இல்லங்க" என்றார். "ரேடியோ. 'ஐயா இல்ல'ன்னு சொல்றப்ப நாங்க வெளியில நின்னு செய்தி முழுக்கக் கேட்டுட்டுத்தான் போவோம்."

பவானேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். உஷாவின் கையில் கைக்குட்டை கயிறாகிவிட்டது.

கமலாட்சி அம்மாளின் உதடு ஓரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அதை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. அன்றைக்கு அவர் சிரித்த முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எதற்குத் துடைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"வேற ஏதாச்சும் பொய் பாக்கி இருக்கா?" என்று அதட்டினார்.

"தலைக்குச் சாயம் அடிச்சிருக்கேன்."

"அது வேன்ல ஏறினப்பவே தெரிஞ்சுது." அவர் மகன் பக்கம் திரும்பினார். "விமலா, பின்படி ஓரத்துல உன் மாமாவோட செருப்பு கிடக்கு. எடுத்துக்கிட்டு வந்து முன்னால வை."

காலையிலிருந்து 'அங்கிள், அங்கிள்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த விமலன் ஒரு கணம் விழித்தான். அப்புறம்தான் புரிந்தது. அவன் புரிந்துகொள்வதற்குள் உஷா அழ ஆரம்பித்திருந்தாள். அவன் ஓடினான்.

"அவன் எடுக்க வேணாங்க, நானே..." என்று காளிதாஸ் நகர்ந்தார்.

"நீங்க நில்லுங்க" என்றார் கமலாட்சி. "அந்தப் பக்கம் நீங்க போனது போதும்."

முன்படியில் எல்லாரும் காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது விமலன் வீட்டைச் சுற்றி வந்தான். அறுந்த வாரின் ஊசி கையில் குத்தாதபடி, இரண்டு விரலால் பிடித்திருந்தான். முதல் படிக்கு நேரே, ஜோடியாக வைத்தான்.

"மாமா, போட்டுக்குங்க" என்றான்.

இதற்கு ஒரு ஜோக் சொல்லியாக வேண்டும் என்று காளிதாஸ் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். சாதாரணமாக ஆவதைவிட அதிக நேரம் ஆனது.

"மணி ஒண்ணாகப் போகுது" என்றார் கமலாட்சி, பவானேஸ்வரியின் கையைப் பிடித்துப் படி இறங்கிக்கொண்டே. "வாங்க சம்பந்தி, பசிக்குது."